வண்டிக்காரரைக் கலைக்காதீர்கள், தண்ணீர்க் குழாயைப் போட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் ஒன்றைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யாழ் நகரத்தில் வீதியோரத்தில் தீன் விற்கிறவர்களை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், சுத்தமாகச் சாப்பிட நினைக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வீதியில் கே.எப்.சி வரைக்கும் வந்துவிட்டது, வெளிநாடுகளில் எல்லாம் இப்படித்தான், அங்கே றோட்டில் நின்று யாரும் சாப்பிடுவதில்லை என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. மாரி காலத்தில் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடிய எந்தத் தகப்பனுக்கும் அந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் வெளிநாட்டைப் பற்றி அவர் சொன்னது சரியில்லை, அதிலிருந்து அவர் எடுத்த முடிவும் சரியில்லை.

நான் வடமராட்சிக்காரன். கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கப்பலுக்குப் போன எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள், எந்தக் கொம்பனிக் கப்பலில் ஏறினாலும் அதில் பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார்கள், சமையல்கட்டிலும் அநேகமாக அவர்கள்தான். அவர்களோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு, மணிலாவிலோ சிபுவிலோ இலோயிலோவிலோ கப்பல் கட்டி நிற்கும் நாட்களில் அவர்களோடு ஊருக்குள் இறங்கிச் சாப்பிட்டுப் பழகியதால் அந்த நாட்டை வைத்தே பேசுகிறேன். நமக்குப் பொருந்துகிற நாடும் அதுதான். அவர்களும் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகவே நினைக்காத சனம், தீவுக்காரர், வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் உழைத்துக் காசு அனுப்புகிற சனம்.

முதலில் கே.எப்.சி மாதிரிக் கண்ணாடி போட்ட கொம்பனிக் கடையைப் பார்ப்போம். பிலிப்பைன்ஸில் துரித உணவென்றால் முதலில் வருவது அமெரிக்கக் கடை அல்ல, ஜொலிபீ. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையான டோனி டான் கக்தியோங் 1975 இல் கெசோன் நகரத்துக் குபாவோவில் ஒரு ஐஸ்கிறீம் கடை போட்டார். வந்தவர்கள் ஐஸ்கிறீமை விடச் சூடான சாப்பாட்டைத்தான் கேட்டார்கள், அதனால் 1978 இல் கடையின் பெயரையும் தொழிலையும் மாற்றிக்கொண்டார். மூன்று வருடம் கழித்து 1981 இல் மக்டொனால்ட்ஸ் அந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது இவருடைய கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. ஏனென்றால் இவர் அந்தச் சனத்தின் நாக்கை அறிந்து சமைத்தார். பொரித்த கோழியோடு சோறு, சோற்றின்மேல் ஊற்ற ஒரு குழம்பு, இனிப்பான ஸ்பகெற்றிக்குள் வெட்டிப் போட்ட சொசேஜ். இத்தாலிக்காரர் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாளென்றால் அதுதான். கடைசியில் மக்டொனால்ட்ஸும் அங்கே பொரித்த கோழிக்குச் சோறு வைத்து, ஸ்பகெற்றியும் விற்கத் தொடங்கியது. ஊரின் வாய்க்குக் கொம்பனி பணிந்து போனது, கொம்பனியின் வாய்க்கு ஊர் பணியவில்லை.

அவர்களுடைய சனம் போன இடமெல்லாம் அந்தக் கடையும் பின்னால் போயிருக்கிறது. 1998 இல் கலிபோர்னியாவில் டேலி சிட்டி, 2018 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட், அதே வருடம் கனடாவில் நம்மவர்கள் நெருக்கமாக வாழும் ஸ்காபரோ. அங்கே இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், கடை திறந்தபோது சனம் வரிசையில் நின்றதைச் சொல்வார்கள்.

சரி, இவ்வளவு பெரிய கொம்பனி சொந்த நாட்டில் வேரூன்றி நிற்கும்போது வீதியில் விற்கிறவன் அழிந்துபோயிருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. அந்தப் பளபளப்பான கடையின் வாசலைத் தாண்டி நாலு அடி வைத்தால் வண்டிக்காரன் நிற்பான்.

மீன் உருண்டை வண்டியைக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும். மரச்சட்டத்தில் சின்னச் சில்லுகள் பூட்டிய வண்டி, நடுவில் ஒரு தாச்சி, கீழே அடுப்பு. மீன் சதையும் மாவும் சேர்த்த உருண்டைகள் பச்சையாக இருக்கும்போது தட்டையாகத்தான் கிடக்கும், கொதிக்கிற எண்ணெயில் விழுந்ததும் பந்துபோல உப்பி மேலே வரும். மூங்கில் குச்சியைக் கையில் எடுத்து எண்ணெயிலிருந்து நீங்களே குத்தி எடுக்க வேண்டியதுதான். எத்தனை குத்தினீர்கள் என்று அவன் கண்காணிப்பதில்லை, நீங்கள் சொல்கிற கணக்குத்தான் கணக்கு. பக்கத்தில் மூன்று போத்தல்களில் சோஸ் இருக்கும்: சீனியும் சோயாவும் போட்டுக் காய்ச்சிய கெட்டியான மண்ணிறக் குழம்பு ஒன்று, அதையே உறைப்பாக்கியது ஒன்று, வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்கிற வினாகிரி ஒன்று. அதே தாச்சியில் செம்மஞ்சள் மாவில் தோய்த்த காடை முட்டையும் பொரியும். அடுத்த தட்டில் கோழிக்குடலைப் பலமுறை கழுவி, அவித்து, குச்சியில் சுருக்கிக் குத்திக் கரியில் வாட்டுவார்கள், இசாவ் என்று பெயர். கோழிக்கால், உறைய வைத்த இரத்தம் என்று நம் ஊரில் பலர் தொடத் தயங்குகிற எதையும் அவர்கள் வீணாக்குவதில்லை. காலையில் ஒரு காவுதடியின் இரு பக்கமும் இரண்டு அலுமினிய வாளியைத் தொங்கவிட்டபடி தஹோ விற்கிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். ஒரு வாளியில் தயிர்போல உறையவைத்த சோயாப் பால் சுடச்சுட, மற்றதில் பழுப்புச் சீனிப் பாகும் சவ்வரிசியும். வீட்டிலிருந்து கோப்பையோடு பிள்ளைகள் ஓடி வருவார்கள். இரவில் கூடையில் பலூட், அதாவது குஞ்சு உருவாகத் தொடங்கிய வாத்து முட்டை. துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் தெம்பு. அதற்கென்றே பேர்போன ஊர் மணிலாவை ஒட்டிய பத்தெரோஸ்.

இவற்றுக்கு நடுவில் இன்னொரு வகை இருக்கிறது, நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு மிகக் கிட்டியது. கரிந்தேரியா என்பார்கள். வீட்டு முன்பக்கத்தில் ஒரு மேசை, அதில் வரிசையாகச் சட்டிகள், பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை நடத்துவார். மூடியைத் திறந்து பார்த்து இது அது என்று கைகாட்டினால் சோற்றோடு வைத்துத் தருவார். அரைச் சோறு கேட்டாலும் முகம் கோணாது.

யார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் போன வாரக் கடிதம் எழுதியவர் யோசித்துப் பார்க்க வேண்டும். பணக்காரர் கண்ணாடிக் கடைக்கும் ஏழை வண்டிக்கும் போவதில்லை, ஒரே ஆள்தான் இரண்டு இடத்துக்கும் போகிறார். என்னோடு வேலை செய்த ஒருவர் சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கிழமையில் பிள்ளைகளை ஜொலிபீக்குக் கூட்டிப் போகச் சொல்லி மனைவிக்குப் போன் எடுப்பார். அவருடைய தம்பி கட்டட வேலைக்குப் போகிறவர், மற்ற நாட்களில் மத்தியானம் கரிந்தேரியாவில், பின்னேரம் வண்டியில். 2024 இல் மணிலாப் பெருநகரத்தில் குறைந்தபட்ச நாட்கூலி 645 பெசோ. அப்போது கடையில் ஒரு துண்டுக் கோழியும் சோறும் ஏறக்குறைய 100 பெசோவுக்குக் கிட்டப் போனது. வீட்டில் நாலு வாய் இருந்தால் கூலியில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். வண்டியில் சில்லறைக் காசுக்கு ஒன்று இரண்டு என்று வாங்கலாம். கையில் இருக்கிற காசுக்கு ஏற்ற அளவில் சாப்பாடு கிடைக்கிற ஒரே இடம் தெருதான். நம் ஊரிலும் நிலைமை வேறல்ல. ஒரு கூலியாளி வீட்டில் நாலு பேரும் போய்க் கே.எப்.சியில் வயிறாறச் சாப்பிட்டுவிட்டு வந்தால் அவருடைய நாட்கூலி போதாது. அவரை அங்கே போய்ச் சுத்தமாகச் சாப்பிடச் சொல்வது எப்படி ஒரு தீர்வாகும்?

இனிச் சுத்தத்துக்கு வருவோம், கடிதத்தின் மையமே அதுதானே. தெருச் சாப்பாட்டில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மணிலாவில் வினாகிரிப் போத்தலுக்குள் ஒருவர் கடித்த உருண்டையை மறுபடி தோய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். செங்கமாரி, நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் எல்லாம் அப்படித்தான் பரவும். கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்கக் கை கழுவினால், அந்தத் தண்ணீரே நோயைக் கொண்டுவரும். கறுத்துப்போகும் வரைக்கும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்கிற எண்ணெய் இன்னொரு கேடு. இதெல்லாம் உண்மை.

ஆனால் கண்ணாடியும் ஏசியும் இருந்தால் சுத்தம் வந்துவிடும் என்பது உண்மையல்ல. 2021 யூனில் மணிலாப் பக்கம் ஒரு ஜொலிபீ கிளையில் பொரித்த கோழி கேட்டவருக்கு மாவில் தோய்த்துப் பொரித்த துவாய் வந்து சேர்ந்தது, கொம்பனியே அந்தக் கிளையை மூன்று நாள் மூடியது. அவ்வளவு தூரம் எதற்கு, 2024 மார்ச்சில் இலங்கையில் இருந்த மக்டொனால்ட்ஸ் கடைகள் அத்தனையும் மூடப்பட்டதை மறந்துவிட்டோமா? சுகாதாரத் தரம் போதாது என்று தாய்க் கொம்பனியே உள்ளூர் உரிமக்காரருக்கு எதிராக நீதிமன்றம் போனதாலே வந்த வினை அது. பெரிய கொம்பனியில் தவறு நடந்தால் அதற்கு விசாரணை, திருத்தம், மறுவாய்ப்பு எல்லாம் உண்டு. வண்டிக்காரரிடம் நடந்தால் மட்டும் வண்டியையே தூக்கிவிடச் சொல்கிறோம்.

வேலை விஷயத்திலும் அப்படியே. கொம்பனிக் கடை வந்தால் பொடியளுக்கு நிரந்தர வேலை வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஐந்து மாத ஒப்பந்தம், முடிந்ததும் வீட்டுக்கு, மறுபடி புது ஆள் என்ற வழக்கம் பல வருடமாகப் பெரிய பிரச்சினை. 2018 இல் அந்த நாட்டுத் தொழில் அமைச்சு ஜொலிபீயைப் பார்த்து 6,000 க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டி வந்தது. தெருவில் வண்டி தள்ளுகிறவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்பது சரி. ஆனால் அன்றைய விற்பனை அன்றைக்கே அவருடைய கைக்கு வரும், வீட்டுக்காரியும் மகளும் சேர்ந்து உழைத்த காசு அந்த வீட்டுக்குள்ளேயே நிற்கும்.

பிலிப்பைன்ஸ் அரசு எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்றும் இல்லை. மணிலாவில் வியாபாரிகளை அடித்துக் கலைத்த காலங்கள் உண்டு. 2019 இல் புதிதாக வந்த மேயர் இஸ்கோ மொரேனோ டிவிசோரியாச் சந்தை வீதிகளைத் துப்புரவாக்கியபோது பாராட்டியவர்களும் இருந்தார்கள், அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்று அழுதவர்களும் இருந்தார்கள். ஆனால் சட்டத்தில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2013 இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடியரசுச் சட்டம் 10611, உணவகம், கொல்களம், சந்தை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை இவற்றோடு தெருவில் விற்கும் உணவையும், நடந்து திரிந்து விற்பதையும் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் சேர்த்தது. சட்டத்தின் கண்ணில் வண்டிக்காரரும் ஒரு உணவுத் தொழில் செய்கிறவர், அவருடைய சாப்பாடு பாதுகாப்பாக இருப்பதற்குப் பிரதேச சபையும் மாநகர சபையும் பொறுப்பு. அவரை இல்லாதவராக்குவதல்ல, கண்காணித்து வழிக்குக் கொண்டுவருவதுதான் அவர்களுடைய கடமை.

சிபுவில் லார்சியான் என்று ஓர் இடம் இருக்கிறது, புவெந்தே ஒஸ்மேஞா வட்டத்துக்குப் பக்கத்தில். ஒரே வளவுக்குள் வரிசையாக வாட்டுக் கடைகள், புகை கண்ணை அடைக்கும். தட்டில் அடுக்கிய குச்சிகளில் வேண்டியதைக் காட்டினால் வாட்டித் தருவார்கள். சோறு தனியாக வராது, தென்னோலையில் கைமுட்டி அளவுக்குப் பின்னிய சின்னக் கூடுக்குள் அரிசியைப் போட்டு அவித்து, கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்கள், புசோ என்பார்கள். கூட்டைக் கத்தியால் பிளந்து அப்படியே சாப்பிடலாம், தட்டுக் கழுவுகிற வேலையும் குறைவு. கையில் மாட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறை தருவார்கள். நம் பனையோலைப் பிளாவில் கூழ் குடித்த சனத்துக்கு இது புதுமையே அல்ல. அங்கே வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்க் கூலியாளியும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தீவில் பாக்கொலொட் ஊரில் கரியில் வாட்டுகிற இனசால் கோழி பேர்போனது. அந்தத் தெரு வாசனையைத்தான் எட்கர் சியா என்ற இளைஞர் 2003 இல் இலோயிலோவில் மாங் இனசால் என்ற கடையாக்கினார், வாழையிலை, கையால் சாப்பாடு, சோறு கேட்கக் கேட்க. 2010 இல் ஜொலிபீயே வந்து அதில் 70 வீதத்தை வாங்கியது. நாட்டின் மிகப் பெரிய துரித உணவுக் கொம்பனி காசு கொடுத்து வாங்கியது தெருவோரக் கரியடுப்பின் சுவையை! அந்த அடுப்புகளை அன்றைக்கு நகரத்திலிருந்து துரத்தியிருந்தால் வாங்குவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இப்போது நம் நகரத்தைப் பாருங்கள். பின்னேரம் பண்ணைப் பாலத்தடியில் காற்று வாங்க வருகிற குடும்பங்களுக்கு மாங்காயும் உப்புத்தூளும், அன்னாசியும், சுண்டலும், இறால் வடையும் விற்கிறார்கள். பஸ் நிலையத்தைச் சுற்றிக் கச்சான், றோல்ஸ், வடை. ரியூசன் முடிந்து ஏழு மணிக்குப் பசியோடு வருகிற பிள்ளைகளும், தீவுப் பகுதியிலிருந்து நோயாளியைப் பார்க்க வந்து பஸ்ஸைத் தவறவிட்டவர்களும், கடைகளில் நின்று வேலை செய்கிற பெண்பிள்ளைகளும் அங்கேதான் வயிற்றை நிரப்புகிறார்கள். அந்த வண்டிகளுக்கு அருகில் ஒரு தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இருட்டிய பிறகு வெளிச்சத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். எண்ணெய் வடிகிற வடையைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள், ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையும் அதில் இருக்கும். அச்சு மை சூட்டிலும் எண்ணெயிலும் கரைந்து சாப்பாட்டில் ஒட்டும். இதை நிறுத்த வண்டியைத் தூக்கத் தேவையில்லை, வாழையிலைத் துண்டு போதும்.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறோம். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் எங்கள் பெண்கள் கண்முன்னே தோசை சுட்டு, அப்பம் வார்த்து, கூழ் காய்ச்சி, இலைக்கஞ்சி கொடுக்கிறார்கள். விலையும் தாங்கும், கூட்டமும் குறைவதில்லை. அந்தப் பெண்கள் சமைப்பது பக்கத்து வண்டிக்காரர் சமைக்கிற அதே வடையும் தோசையும்தான். அவர்களுக்குக் கூரை, தண்ணீர், மின்சாரம், அடுப்புக்கு இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழாவில் 25 நாளும் மாநகர சபை கடைக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சுற்றி வருகிறார்கள், குப்பை அள்ளப்படுகிறது. அந்த 25 நாளும் முடிகிற காரியம் மற்ற நாட்களில் ஏன் முடியாமல் போகிறது?

சட்டமும் நம்மிடம் இருக்கிறது, 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். அதை வைத்து வழக்குப் போடுவதற்கு முன்னால், பண்ணையிலும் பஸ் நிலையத்தடியிலும் குழாய்த் தண்ணீரும், கை கழுவ ஒரு தொட்டியும், விளக்கும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும் வையுங்கள். வண்டிக்கு ஒரு இலக்கம், தாங்கக்கூடிய ஆண்டுக் கட்டணம், விற்கிறவருக்கு மருத்துவச் சான்றிதழ். கறுத்த எண்ணெயைக் கொட்டவும், சட்னியைக் கரண்டியால் ஊற்றிக் கொடுக்கவும், காசு வாங்குகிற கையும் சாப்பாடு எடுக்கிற கையும் வேறாக இருக்கவும் ஒரு நாள் கூப்பிட்டுப் பழக்குங்கள். அதற்குப் பிறகும் திருந்தாதவரின் இலக்கத்தைப் பறிக்கலாம், நானும் அதற்கு ஆதரவு. அதே பரிசோதகர்கள் கண்ணாடிக் கடைகளின் சமையல்கட்டுக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும், முடிவைப் பத்திரிகையில் போட வேண்டும்.

அடுத்த திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் மாநகர சபை கடை இடங்களுக்கு விண்ணப்பம் கோரும்போது, பண்ணைக்கும் பஸ் நிலையத்துக்கும் ஆண்டு முழுக்க நிற்கக்கூடிய இடங்களையும் சேர்த்துக் கோர வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு எழுதிய அன்பரும் அதில் கையெழுத்து வைத்தால் மிகவும் நல்லது, அவர் கேட்கிற சுத்தமும் நான் கேட்கிற இடமும் அந்த ஒரே மனுவில் இருக்கின்றன. என் முகவரியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், அவர் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்,
பருத்தித்துறை.